பாடி தூக்க நாலு பேர்

சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் எங்கள் ஜீப்புக்கு முன்னால் ஒரு செங்கல் லாரி நின்றது. அதன் பின்பக்கத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையில்லை. அடியிலிருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் செங்கல் சுமக்கிற பெட்டிக்கும் நடுவில் நீளமாக ஒரு மரக்கட்டை. லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் எல்லா வண்டியிலும் வைப்பதுதான். எத்தனையோ தடவை பார்த்திருப்பேன். அன்றைக்குத்தான், அந்தக் கட்டையின் உயரத்துக்குப் பெட்டி மேலே போயிருக்கிறது என்பது உறைத்தது.

"எப்பா, நம்ம ஜீப்பையும் இப்படித் தூக்கிரலாம்பா."

பக்கத்து சீட்டில் இருந்த அப்பா, "கேட்டத் தொறந்துட்டான். வண்டிய எடு" என்றார்.

அப்பா அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றபின் களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருந்தார். பாளையங்கோட்டையிலிருந்து அங்கே போய்வர, ராணுவம் கழித்துவிட்ட இந்தப் பழைய ஜீப். தோட்டத்துத் தடம் ஓர் ஓடையைக் கடக்கும். மழை பெய்துவிட்டால் ஓடைக் கற்கள் ஜீப்பின் வயிற்றில் இடிக்கும். அதற்காக நான் பெரிய டயர்களைத் தேடி மாட்டியிருந்தேன். வயிறு தப்பித்தது. ஆனால் வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசியது. வாழைத்தார் ஏற்றினால் நேர் ரோட்டிலும் உரசியது. ரப்பர் கருகும் வாடையோடுதான் ஊர் திரும்புவோம். பாடியைத் தூக்கிவிட்டால் மட்கார்டும் டயரைவிட்டு மேலே போய்விடும் என்பது என் கணக்கு.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவரிடம் தார் எடுக்கும் ஏரல் வியாபாரி ஒருவர் ஜீப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை தோட்டத்துக்கு வந்து பார்க்கச் சொல்லியாகிவிட்டது. பிடித்துப்போனால் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். நான் எஞ்சினீயரிங் முடித்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வருடம் என் கையில் இருந்த ஒரே நிஜ எந்திரம் அது.

"சரி, தூக்கித்தான் பாரேன்" என்றார் அப்பா கடைசியில். "திங்கக்கெழம லோடு ஏத்தி உரசாம ஓடைய ஏறுச்சுன்னா அவருட்ட வேண்டாம்னு சொல்லிருதேன். உரசுச்சுன்னா சாவியக் குடுத்துரு."

எனக்குக் கூட்டாளி, கூடப் படித்த கடற்கரை ஊர்க்காரன் ஒருவன். வண்ணார்பேட்டை லேத்தில் நைலான் கட்டையை வட்டவட்டமாகக் கடைந்து, நடுவில் துளை போட்டு வாங்கினோம். சட்டத்தையும் பாடியையும் இணைக்கிற ஒவ்வொரு போல்ட்டிலும் ஒன்று வைக்க வேண்டும். பழைய போல்ட்டுகள் எட்டாது; நீளமானவை வாங்கினோம். துருவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுக் கழற்றினோம். அப்படியும் ஒன்று முறிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பாடி போல்ட்டுகள் இல்லாமல் சட்டத்தின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. ஜாக்கி வைத்தால் தகரம் நசுங்கும். கையால் தூக்குவதே மேல் என்று தீர்மானித்தோம். கிரிக்கெட் ஆடுகிற பையன்களைக் கூப்பிட, லேத்துக்குப் போயிருந்த நண்பன் அங்கிருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு வந்தான்.

ஞாயிறு காலை அவன் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான். அப்பா வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தெருவில் பலசரக்குக் கடை அண்ணாச்சி வந்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. பின்னால் ஏழு பேர், எல்லாம் அப்பா வயதுக்காரர்கள். ஒருவர் கையில் சம்பங்கி மாலை. அப்பாவைக் கண்டதும் கூட்டம் அப்படியே நின்றது.

"யாருக்கு வே மாலை?" என்றார் அப்பா.

அண்ணாச்சி மாலையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "ஒங்களுக்குத்தான்."

"நான் இன்னும் காப்பியே குடிக்கலியே வே!"

"காலையில ஒங்க வீட்டுல பாடியத் தூக்கணும், நாலு பேரு வேணும்னு போன் வந்துச்சு. யாரா இருக்கும்னு பேசிப் பாத்தோம். வயசுப்படி நீங்கதான்னு முடிவு பண்ணிட்டோம்."

நான் குனிந்து, "என்னல சொன்ன நீ?" என்றேன்.

"தமிழ்லதாம்ல சொன்னேன்" என்று ஜீப்புக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

அப்பா பேப்பரை மடித்தார். "சரி, வந்தது வந்துட்டீய. சும்மா போகக் கூடாது. தூக்கிட்டே போங்க."

நாலு பேருக்குப் பதில் எட்டுப் பேர் இருந்தது வசதியாகப் போயிற்று. பக்கத்துக்கு நாலு பேர் நின்றார்கள். "வள்ளத்தக் கரையேத்துத மாதிரி, சேந்து மூச்சுப் பிடிங்க!" என்று நண்பன் கத்தினான். பாடி முனகிக்கொண்டு எழும்பியது. நானும் அவனும் சட்டத்துக்கு மேலே கட்டைகளைத் தள்ளினோம்.

"பைய, பைய எறக்குங்க!"

"நம்ம தூக்குனதுல கனமான பாடி இதுதான்" என்றார் அண்ணாச்சி. மாலையை ஜீப்பின் முகப்பில் போட்டுவிட்டு எல்லோரும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

போல்ட்டுகளை முடுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் தானாகவே அலறியது. அணைத்துவிட்டு யோசித்தபோது விளங்கியது: எஞ்சின் சட்டத்தோடு கீழே நிற்கிறது, ஆக்ஸிலேட்டர் மிதி பாடியோடு மேலே போய்விட்டது. நடுவிலிருக்கும் கம்பி இழுபட்டு, யாரும் மிதிக்காமலே மிதித்தபடி இருந்தது. கம்பியை நீட்டினோம். ஸ்டீயரிங் தண்டைப் பிடித்திருந்த கிளாம்பும் இதே காரணத்தால் இறுகியிருந்தது. அதையும் தளர்த்தி இறக்கினோம். பொழுது சாய்ந்துவிட்டது.

திங்கள் காலை அப்பா ஜீப்பில் ஏற வந்தார். காலைத் தூக்கினார். வேட்டி தடுத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி தூக்கினார்; அப்படியும் எட்டவில்லை. டயரும் கட்டையும் சேர்ந்து அரைச் சாணுக்கு மேல் உயர்ந்திருந்தது. "நீ முன்ன போ" என்று சொல்லிவிட்டுக் களக்காடு பஸ்ஸுக்குப் போனார்.

தோட்டத்தில் தார்களை அடுக்கி முடித்தபோது, அப்பாவும் ஏரல் வியாபாரியும் ஓடையின் அக்கரையில் நின்றார்கள். தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது. இறங்கினேன். நடுவில் ஒரு குழியில் முன்சக்கரம் அமுங்கி எழுந்தது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக் கரை ஏறினேன். உரசவில்லை. வாடையும் இல்லை.

வியாபாரியின் முகம் மலர்ந்துவிட்டது. "வண்டி சிங்கம் மாதிரில்லா ஏறுது! அண்ணாச்சி, நான் எடுத்துக்கிடுதேன்" என்றார் அப்பாவிடம். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் வியாபாரி ஓட்டிப் பார்க்க வந்துவிட்டார். குட்டையான, தடித்த மனிதர். கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக் காலை உயர்த்தினார். பிறகு மறு காலை. பிறகு முதுகைத் திருப்பி உட்கார்ந்தாற்போல் ஏறப் பார்த்தார். மூச்சு வாங்க நின்றார்.

"அண்ணாச்சி, இதுல ஏற ஏணி வேணும் போலுக்கே. நமக்குத் தோதுப்படாது."

அவர் நடந்து போனபின், "நான் வேண்டாம்னு சொல்லணும்னு இருந்தேன். அவரே சொல்லிட்டாரு" என்றார் அப்பா. குரலில் வருத்தம் எதுவும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

நான் தார்களோடு தனியாகத் திரும்பினேன். வழியெல்லாம் யோசனை ஒன்றுதான்: ஒரு படி வேண்டும். அப்பாவின் காலுக்கு எட்டுகிற மாதிரி தாழ்வாக வைத்தால் ஓடைக் கல் அதைப் பிய்த்துவிடும். கல்லுக்குத் தப்புகிற உயரத்தில் வைத்தால் அப்பா ஏற முடியாது. எனவே மடங்குகிற படி. கதவுக் கீல் போதுமா, தாங்குமா என்பதை நாளைக்கு லேத்தில் போய்க் கேட்க வேண்டும். இந்தத் தடவை போனில் அல்ல, நேரில்.