கடைக் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது

ரிஸ்வானா அக்காவைக் கொன்றது நீதான்.

இன்று காலை அவர் மூச்சு நின்றுவிட்டது. முள்ளியவளையில் போன் ரீலோட், போட்டோகொப்பிக் கடை வைத்திருந்த அக்கா. நான் அவரிடம்தான் வேலை செய்கிறேன்... செய்தேன்.

இதயத்தில் வால்வு பழுது. கொழும்பில் ஒப்பரேஷனுக்குத் திகதி எடுத்திருந்தார். காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை என்று வங்கி கடன் தரவில்லை. தொண்ணூறில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்து முகாமிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு ஏது உறுதி?

கையில் மிஞ்சியது, வவுனியாவில் கூட்டம் வைத்து நீ விற்ற கிரிப்டோ காய்ன் மட்டும். வாங்க ஆள் இருந்தது. அனுப்பத்தான் முடியவில்லை.

இந்தப் பதிவை வாசிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காய்ன் கடைக் கணினியில் ஒரு மென்பொருளுக்குள் கிடக்கிறது. அதே மென்பொருள் ஓடும் வேறு கணினிகளோடு இணைந்தால்தான் அனுப்பலாம். முன்பு தானாகவே தேடி இணையும். காய்னை உருவாக்கிய கொம்பனி தன் சேர்வரை மூடிய பிறகு... இணைப்பு பூச்சியம்.

அதனால் கையால் சேர்த்தோம். பழைய இணையப் பதிவுகளில் கிடந்த முகவரிகளை அக்கா வாசிப்பார், நான் தட்டுவேன். முக்கால்வாசி செத்த முகவரிகள். சில இணைந்து, உடனே அறுந்துவிடும்.

"என்ட பேரை இந்த ஊர்ப் பதிவில சேர்க்கவே எத்தின தரம் அரசாங்கக் கந்தோருக்கு நடந்தனான். இது வெறும் மெஷின். அடுத்ததை அடி தங்கச்சி."

ஏதாவது ஒன்று இணைந்தால் சிரிப்பார். "ஆர் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கோணும்."

அறுந்துபோகாமல் நின்ற கணினி ஒன்றே ஒன்றுதான். உன்னுடையது. அது இணைந்ததும் விடுபட்ட கணக்கெல்லாம் மளமளவென்று இறங்கியது. தேத்தண்ணி ஆறுவதும் தெரியாமல் அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது முழுதும் இறங்கினால்தான் காய்னை அனுப்பலாம். அதற்கு முதலே நீ உன் கணினியை நிறுத்தினாய். உன்னிடம் வாங்கிய மற்றவர்களும் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

அக்கா உனக்கு போன் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஸ்பீக்கரில் பேசினார்.

"தம்பி, உங்களிட்ட காசு கேக்கேல்ல. கம்பியூட்டரை மட்டும் போட்டு விடுங்கோ. ஒரு நாளைக்கு."

"கரண்ட் பில்லை நீங்களோ கட்டுவீங்கள், அக்கா?"

"ஓம் தம்பி, கட்டுறன். எவ்வளவெண்டு சொல்லுங்கோ."

நீ போனை வெட்டினாய். ஒப்பரேஷன் திகதி போனது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பெண்கள் அடக்கும் இடத்துக்குப் போவதில்லை. வீட்டிலிருந்து எழும்பி வரும்போது அவருடைய மகள் கடைச் சாவியைத் தந்தாள்.

"அக்கா, கடைக் கம்பியூட்டரை நிப்பாட்ட வேண்டாமெண்டு உம்மா சொன்னவா. இனி என்ட படிப்புக்கு அதுதானாம்."

நிறுத்தவில்லை. இதோ, முன்னால் ஓடுகிறது. உன் முகவரி இன்னும் முதல் வரியில் இருக்கிறது. இணைப்பு பூச்சியம்.

ரிஸ்வானா அக்கா... இனி மூச்சு வாங்காமல் படுங்கோ.

நான் இங்கே போட்ட மரணச் செய்திக்கு முதல் ஆளாக அழுகை முகம் போட்டவன் நீ. அப்போதிருந்து உனக்கு மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் பார்க்கிறாய், ஒன்றுக்கும் பதில் இல்லை.

உன் கணினியைப் போடு.