வாசலில் நின்று கணக்குச் சொன்ன பேச்சி

இன்று காலையிலிருந்து சாரல் விடவே இல்லை. ஓடு ஒழுகியதால் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்தேன். அதற்குள் ஒரு குரங்கு வந்து சோற்றுப் பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. பாதிப் பேர் அழுதார்கள், மீதிப் பேர் அதன் பின்னால் ஓடினார்கள்.

அந்த நேரம் பார்த்து, ஐந்தாம் வகுப்புப் பேச்சியின் தாய் வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சரம்மா, இவளுக்குக் கல்யாணம் பேசியாச்சு. இனி வரமாட்டா."

"பதினோரு வயசுப் பிள்ளைக்கா? இந்த வருசமாவது படிக்கட்டுமே."

"நீங்க அம்புட்டுப் படிச்சு என்னத்தக் கண்டிய? ஒத்தையிலதான இருக்கிய."

நான் வாயைத் திறக்குமுன் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். குடையை மடக்கியபடியே கணக்குக் கேட்டார்.

"மணிக்கு இரண்டு மைல் போகும் மாட்டுவண்டி, மூன்று மைல் தள்ளியிருக்கும் குற்றாலத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்?"

வாசலில் தாயின் பிடிக்குள் நின்ற பேச்சி, "ஒன்றரை மணி நேரம், ஐயா" என்றாள்.

"பலே!" என்றார்.

தாய் அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள். "ஏட்டி, வெரசா நட" என்று மகளை மழையில் இறக்கிக் கூட்டிப்போனாள்.

"ஐயா, கல்யாணத்துக்காக அந்தப் பிள்ளையை நிறுத்துகிறார்கள்" என்றேன்.

"அப்படியா? நாளைக்குப் பள்ளிக்கூடத்தைப் பார்வையிடப் பெரிய துரை வருகிறார். ஒரே ஒரு நாள் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவையுங்கள்" என்றார்.

தலையாட்டினேன். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

கல்யாண வீட்டில் போய்ப் பெண்ணை ஒரு நாளைக்கு இரவல் கேட்பது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.