ஜன்னலை அடைத்த ரயில்

அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனில் உருப்படியான ஜன்னல் ஒன்றுதான். அது சின்ன அறையின் கிழக்குச் சுவரில் இருந்தது. கூடத்திலும் பெயருக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். சமையலறைப் புகையும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் நாற்றமும் வெளியேற வழியில்லாமல் கூடத்திலேயே தங்கிவிடும். சாயங்காலக் கடற்காற்று வருவதெல்லாம் அந்தக் கிழக்கு ஜன்னல் வழியாகத்தான். அது யாருக்கு என்பதில்தான் எனக்கும் என் கணவருக்கும் சண்டை. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குப் பொம்மை ரயிலைப் பற்றிய சண்டை மாதிரி தெரிந்திருக்கும்.

எங்கள் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. இழுப்பு உண்டு. மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வரும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு அந்த நேரங்களில் செய்ய எதுவும் இருக்காது. அடையாறில் நாங்கள் காட்டிய டாக்டர், குழந்தையைக் காற்று வரும் இடத்தில் படுக்க வைக்க வேண்டும், புகையும் தூசியும் அண்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் அந்தச் சின்ன அறையைக் காலி செய்து, ஜன்னலடியில் அவள் கட்டிலைப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அங்கே பலகை ஏறியிருந்தது.

பலகையின் கதையைச் சொல்ல வேண்டும். கணவரை அவருடைய கம்பெனி பயிற்சிக்காகச் சில மாதங்கள் அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. அங்கே அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர், நிலவறையில் சின்ன ரயில் யார்டு ஒன்றைக் கட்டி வைத்திருந்தாராம். இவருக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. திரும்பி வந்தபோது பெட்டியைத் திறந்தவர் என் நாத்தனார். கணவரின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாமல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து தம்பியைப் படிக்க வைத்தவர். எங்கள் வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். நைலான் புடவையும் வாசனை சோப்பும் எதிர்பார்த்துத் திறந்தவர் கையில், செய்தித்தாளில் சுற்றிய பித்தளைத் தண்டவாளங்கள் வந்தன. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு டீசல் எஞ்சின், சில சரக்கு வண்டிகள், பாதையைப் பிரித்துவிடும் பாயிண்டுகள், எஞ்சினை ஓட்டுவதற்கான கனமான கறுப்புப் பெட்டி ஒன்று.

"ரயில் பாக்கணும்னா சைதாப்பேட்டைக்குப் போனாப் போறாதாடா? இதுக்கா கடல் தாண்டிப் போனே?" என்றார் நாத்தனார். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் நான் கேட்டிருந்தால் அது பொறாமையாகியிருக்கும்.

பலகை ஆளுயர நீளம், ஒரு முழ அகலம். தச்சரிடம் இழைத்து வாங்கி, இரண்டு டிரங்குப் பெட்டிகளின் மேல் ஜன்னலை ஒட்டிப் போட்டார். நாம் ஷண்டிங் என்கிறோமே, அதுதான் அந்த யார்டில் நடக்கிற வேலை முழுவதும். ஒரு நேர்ப் பாதை. அதிலிருந்து பிரிந்து முட்டுச்சந்து மாதிரி முடிகிற மூன்று கிளைகள். ஒவ்வொரு கிளையின் கடைசியிலும் ஒரு கிடங்கு. எந்த வண்டி எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு, எஞ்சினை முன்னும் பின்னும் நகர்த்தி அந்தந்த இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். இடம் குறைவு என்பதால், ஒன்றை உள்ளே தள்ள வேறொன்றை வெளியே இழுக்க வேண்டியிருக்கும். நான் அதை ஷண்டிங் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அமெரிக்காவில் சொல்கிறபடி ஸ்விட்சிங் என்று திருத்துவார். நான் பி.எஸ்ஸி. கணக்கு. அவர் திணறிக்கொண்டிருந்த ஒரு மாற்றலை, துணி மடித்துக்கொண்டே, எந்த வண்டியை முதலில் எடுத்தால் சரியாகும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நான் அறைக்குள் வந்தால் எஞ்சின் நின்றுவிடும்.

அமெரிக்க மின்சாரம் வேறு, நம்முடையது வேறு. அதனால் ரேடியோ ரிப்பேர் கடையில் சொல்லி, மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் செய்து வாங்கிவந்தார். அது ஓயாமல் முனகும். கிடங்குகளைச் சட்டைப் பெட்டி அட்டையில் வெட்டிச் செங்கல் நிறத்தில் பெயிண்ட் அடித்தார். தரைக்கு மரத்தூள். மரத்தூளைச் சலித்து, சாயம் போட்டு, ஜன்னல் கட்டையிலேயே உலர்த்துவார். காற்று அடித்தால் அது அறை முழுவதும் பறக்கும். அறைக் கதவைத் தாண்டியதும் கூடம். கூடத்தில் குழந்தை.

நான் நேரடியாகக் கேட்டேன். பலகையைக் கூடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், குழந்தை ஜன்னலடியில் படுக்கட்டும் என்றேன்.

"கூடத்துல புகை. தண்டவாளம் கறுத்துப் போயிடும். அப்பறம் கரன்ட்டே பாயாது" என்றார்.

"அந்தப் புகையிலதான் குழந்தை படுத்துண்டிருக்கா."

"பெயிண்ட் நாத்தம் ஆத்துக்குள்ள தங்கக் கூடாதுன்னுதானே இதை ஜன்னல்கிட்ட வச்சிருக்கேன். அதுவும் குழந்தைக்காகத்தான். நீ எதையும் முழுசா யோசிக்கறதில்லை."

இந்த மாதிரி பதிலுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்ததில்லை. பாத்திரம் தேய்க்கும்போது பதில் தோன்றும். அதற்குள் அவர் ஆபீஸ் போயிருப்பார். பிறகு எனக்கே சந்தேகம் வரும். நாள் முழுவதும் உழைக்கிற மனிதர். சீட்டாட்டம் இல்லை, வெற்றிலை இல்லை. இந்த ஒரு சந்தோஷத்தைப் பொறுக்க முடியாதவளா நான்? டாக்டர் சொன்னதை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ? என் அம்மாவிடம் சொன்னபோது அவளும், ஆண்பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து ஏதாவது செய்துகொண்டிருந்தால் நல்லதுதானே என்றாள்.

பகையோடே அந்த யார்டைக் கட்டுவதற்கு உதவியும் செய்தேன். அட்டையில் ஜன்னல்களை வெட்டித் தந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் தண்டவாளத்தில் ஈயத்தை உருக்கிக் கம்பியைப் பற்ற வைக்கும்போது, சூடு பரவி அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் உருகிவிடாமல், இருபுறமும் ஈரத்துணியை வைத்து நான் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு ஞாயிறு அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் குழந்தை இரும ஆரம்பித்தாள். அந்த இருமல் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். துணியை விட்டுவிட்டு ஓடினேன். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகை நீவிக்கொண்டிருக்க, அவர் அறைக்குள் இருந்து, ஒரு நிமிஷம் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாதா, ஒரு கட்டை உருகியே போய்விட்டது என்று கத்தினார். நாத்தனார் சாய்வு நாற்காலியில் இருந்து, "அவன் கஷ்டப்பட்டுப் பண்ணறான். இவளுக்கு ஓடறதுக்கு ஒரு சாக்கு" என்றார். குழந்தையின் மூச்சு அடங்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. எங்களில் ஒருவரும் மற்றவரை மன்னிக்கவில்லை.

அப்புறம் நவராத்திரி வந்தது.

கொலு வைப்பது நாத்தனாரின் ராஜ்ஜியம். முந்தின வருஷம், கீழ்ப் போர்ஷனில் இருந்த வீட்டுக்கார மாமியின் கொலுவில் சாவி கொடுத்தால் சுற்றும் ரயில் ஒன்று இருந்தது. தெருவே அங்கேதான் நின்றது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு உட்காரக்கூட இல்லை. நாத்தனார் அதை மறக்கவில்லை. இந்த வருஷம் பலகை கொலுப்படிக்கு முன்னால் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரயில் ஓடுவதை அவர் நின்று பார்த்ததே கிடையாது. தம்பியைத் திட்டத்தான் அந்த அறைக்கு வருவார், திட்டிவிட்டுப் போவார். அக்கா முதல் தடவையாகத் தன் வேலையை மதிக்கிறாள் என்று கணவருக்குப் பெருமை. நான் பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, இருவருமாகக் கூடத்துக்குக் கொண்டுவந்து பெஞ்சின் மேல் வைத்தோம். நாத்தனார் எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். அமெரிக்கக் கிடங்கு ஒன்றின் பக்கத்தில் அரிசி பருப்போடு செட்டியார் பொம்மையை உட்கார வைத்தார். கிடங்கு செட்டியாரின் இடுப்புக்கு வந்தது. கணவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

முதல் நாள் சாயங்காலம் மாமிகள் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். கணவர் சுவிட்சைப் போட்டார். எஞ்சின் கொஞ்ச தூரம் போனது. நின்றது. பின்னால் வந்து ஒரு வண்டியைக் கோத்துக்கொண்டது. மறுபடியும் போனது, நின்றது, திரும்பி வந்தது.

"ரிப்பேரா?" என்று ஒரு மாமி பரிவோடு கேட்டார்.

கணவர் விளக்க ஆரம்பித்தார். இது சரக்கு யார்டு, வண்டியைப் பிரித்துச் சேர்ப்பதுதான் இதன் வேலை, வட்டமாகச் சுற்றுவது குழந்தைகளுக்கான விளையாட்டு என்றார். கீழ்வீட்டு மாமி சுண்டலை மென்றபடி, "எங்காத்துது சுத்திண்டே இருக்கும். நாமளாப் பாத்து நிறுத்தினாத்தான் உண்டு" என்றார். பாட்டுப் பாட வந்த ஒரு சிறுமி எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த ரயில்ல யாருமே ஊருக்குப் போய்ச் சேரமாட்டாளா?" என்றாள். கூடம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அவர்கள் போனதும் அக்காவும் தம்பியும் மோதிக்கொண்டார்கள். நாளைக்குள் அதை வட்டமாக்கு என்றார் அக்கா. அது வட்டமாகாது என்றார் தம்பி. அப்படியென்றால் எதற்காக அதைக் கொலுவில் வைத்து என் மானத்தை வாங்கினாய் என்று அவர் கேட்க, நீதானே வைக்கச் சொன்னாய் என்று இவர் கேட்க, கடைசியில் கணவர் பலகையை உள்ளே எடுத்துப் போகிறேன் என்று குனிந்தார்.

"கையை எடு. கொலுவில வச்சதை நடுவில கலைக்கப்படாது. விஜயதசமி கழிஞ்சுதான் எதுவும் நகரும்" என்றார் நாத்தனார்.

கணவர் கையை எடுத்துவிட்டார். அமெரிக்கா போய் வந்தவரானாலும் அந்த ஒரு விஷயத்தில் அக்காவை மீறுகிற துணிச்சல் அவருக்கு இல்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது.

நான் மறுநாள் காலையிலேயே சின்ன அறையைக் கழுவிவிட்டேன். டிரங்குப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளி, சுவரையும் ஜன்னல் கட்டையையும் ஈரத்துணியால் துடைத்து, குழந்தையின் கட்டிலை ஜன்னலடியில் போட்டேன். யாரும் கேட்கவில்லை. அவர்கள் கோபம் அவர்களுக்கு. கொலு நடந்த நாட்களில் ஒருமுறைகூடக் குழந்தைக்கு இழுப்பு வரவில்லை. மத்தியானம் வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். மூக்கால் மூச்சு விட்டுத் தூங்குகிற குழந்தையை நான் அதுவரை என் வீட்டில் பார்த்ததில்லை. இடையில் நல்ல மழையும் பெய்தது.

விஜயதசமிக்கு மறுநாள் நாத்தனார் பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கணவர் எஞ்சினையும் வண்டிகளையும் எடுத்து வைத்துவிட்டுப் பலகையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

"அந்தப் பக்கத்தைப் பிடி" என்றார் என்னிடம்.

நான் அறை வாசலில் நின்றிருந்தேன். "குழந்தை உள்ள தூங்கறா."

"எழுப்பிக் கூடத்துல போடு."

"மாட்டேன். இனிமே அவ அங்கதான் தூங்குவா."

அவர் என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை அதட்டியிருந்தால் போய்ப் பிடித்திருப்பேனோ என்னவோ. அவர் அதட்டவில்லை. நியாயம் பேசினார். "மழை பேஞ்சு தூசி அடங்கியிருக்கு. அதனால இழுப்பு வரலை. கணக்குப் படிச்சவ, இதுகூடத் தெரியாதா ஒனக்கு?"

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். இத்தனை நாளும் எனக்குள்ளேயே அதே சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. "இருக்கலாம். மழை நின்னப்புறமும் அவ அங்கேயே தூங்கட்டும். அப்போ தெரிஞ்சுடும்" என்றேன். பாத்திரம் தேய்க்கும்போது தோன்றாமல், கேட்ட இடத்திலேயே எனக்குப் பதில் வந்தது அன்றைக்குத்தான்.

நாத்தனார் பொம்மையைச் சுற்றிக்கொண்டே, "புருஷன் பாரத்தைத் தூக்கிண்டு நிக்கறான், இவ நின்னுண்டு வாதம் பண்ணறா. நன்னா இருக்கு" என்றார்.

கணவர் அவர் பக்கம் திரும்பினார். "நீயாவது பிடியேன், அக்கா." சண்டைக்குப் பிறகு அவர் அக்காவோடு பேசிய முதல் பேச்சு அது.

"வட்டமா ஓடாத ரயிலை நான் தொடமாட்டேன்" என்றார் நாத்தனார்.

தனியாகத் தூக்கினால் பலகை நடுவில் வளைந்து, பற்ற வைத்த இடமெல்லாம் விட்டுப்போகும். அவருக்கு அது தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மனசு மாறுவேன் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நானும் என்னிடம் அதைத்தான் எதிர்பார்த்தேன். பிறகு முனையைப் பெஞ்சின் மேல் இறக்கி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பலகை கூடத்திலேயே இருந்தது. புகையில் தண்டவாளம் கறுத்தது. அவர் தினமும் அதைத் துடைத்தார், என்னைப் பார்த்துக்கொண்டே துடைத்தார். போகும்போதும் வரும்போதும் நாத்தனாரின் முழங்கால் அதில் இடிக்கும், அவர் என்னைத் திட்டுவார். தீபாவளி வரை கணவர் என்னோடு பேசவில்லை. காபி வேண்டுமென்றால் குழந்தையிடம் சொல்லி அனுப்பினார்.

மழைக்காலம் முடிந்து மார்கழிப் பனியில் குழந்தைக்கு மறுபடியும் இழுப்பு வந்தது. முன்னளவுக்கு இல்லை, சீக்கிரமே அடங்கியது. ஆனால் வந்தது. அவர் அறை வாசலில் வந்து நின்று, அவள் மூச்சையும் என்னையும் ஜன்னலையும் பார்த்தார். மழை நின்றதும் இழுப்பு வந்துவிட்டதே என்று கேட்பாரோ எனப் பயந்து பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. நான் கட்டிலை நகர்த்தவில்லை.