பாயிண்ட் தேய்க்காத ஞாயிறு

கைநடுக்கம் வந்ததிலிருந்து என் கணவரால் எங்கள் பழைய காரில் தீப்பொறிக்கான பாயிண்ட்டைத் தேய்த்துச் சரிசெய்ய முடியவில்லை. அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலையே அதுதான்.

இன்று கும்மிடிப்பூண்டியில் மெக்கானிக் பாய் அந்தப் பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தினார். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது.

"இனிமே தேய்க்கிற வேலையே கெடையாது சார்."

கணவர் மூடிய பானெட்டையே பார்த்தார். "அப்போ ஞாயித்துக்கெழம நான் இன்னா பண்றது பாய்?"

"அக்காவ எங்கனா கூட்டிக்கினு போங்க. அவங்களும் எத்தினி வருசம் டார்ச் புடிப்பாங்க?"

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தவர், "எங்க போலாம், சொல்லு" என்றார்.

எனக்கு ஓர் ஊரும் தோன்றவில்லை. நீங்கள் சொல்லுங்கள். பழவேற்காடு மட்டும் வேண்டாம். மீன் வாங்கிக்கொண்டு உடனே வீடு திரும்பிவிடுவார்.