ரீகால் முடிந்த வண்டி

என் மாமியார் என் காரில்தான் செத்தார். நெஞ்சுவலி என்று துடித்தவரை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டிலிருந்து கிளம்பினோம். நாற்பதாவது வளைவில் இஞ்சின் நின்றது. சாவியைத் திருகித் திருகிப் பார்த்தேன், பிடிக்கவே இல்லை. இஞ்சின் ஓடாமல் அந்த இறக்கத்தில் உருட்டினால் பிரேக் பிடிக்காது. ஆம்புலன்ஸ் மலையேறி வருவதற்குள் என் மனைவியின் மடியிலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்த கையோடு மனைவி பேளுக்குறிச்சியில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். இத்தனைக்கும் முந்தின வருஷமே, இந்த மாடல் வண்டிகளின் பெட்ரோல் பம்பில் கோளாறு இருக்கலாம், கொண்டுவந்தால் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று கம்பெனி ரீகால் லெட்டர் போட்டதும், வண்டியைக் கீழே சர்வீஸுக்குக் கொண்டுபோனவன் நான். "பம்ப் நல்லா இருக்குதுங்க, மாத்த வேண்டியதில்ல. பின்னால போச்சுன்னாக் கொண்டாங்க, இதுலயே சேத்திக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அதையே மச்சான் எனக்கு எதிராகத் திருப்பினார். "கம்பெனிக்காரன் நல்லா இருக்குதுன்னு சொன்ன பம்ப் எப்படிங்க மாப்ள போகும்? உங்களுக்கு வண்டிய வெச்சுக்கத் தெரியல." பெற்ற தாயை வருஷத்துக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத மனுஷன்! என் மனைவி அவர் பேச்சைத்தான் நம்பினாள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. போனது ரீகாலில் சொன்ன அதே பம்ப்தான், இவன்மேல் தப்பில்லை என்று கம்பெனி எழுதித் தர வேண்டும். அதைக் காட்டி அவளை அழைத்து வந்துவிடலாம் என்று நம்பினேன். வண்டியைக் கட்டி அதே சர்வீஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்தவன் கம்ப்யூட்டரைத் தட்டினான். "உங்க வண்டிக்கு ரீகால் முடிஞ்சிருச்சுங்க சார்."

"பம்பையே மாத்தல, எப்படிய்யா முடியும்?"

"செக் பண்ணிட்டாலே முடிஞ்ச கணக்குங்க. அப்புறமாப் போறது அதுல சேராதுங்க."

"சேரும்னு அன்னைக்குச் சொன்னவன் எவன்டா? கூப்புடு அவன!"

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். ஏ.சி. அறையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மாமியார் போனதைக் கேட்டு உச்சுக்கொட்டினார். பிறகு மலையைப் பற்றி விசாரித்தார். மழை எப்படி, மிளகு எப்படி, மேலே பெட்ரோலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று.

"அவசரத்துக்குக் கடையில பாட்டில்ல வாங்கி ஊத்திக்குவோமுங்க" என்றேன். மலையில் எல்லோரும் செய்வதுதான். இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் என்னோடு அன்பாகப் பேசினார், நானும் வாயைத் திறந்துவிட்டேன்.

வெளியே போனவர் ஒரு தாளோடு வந்தார். "புதுப் பம்ப் ஃப்ரீயாவே போட்டுத் தாரோமுங்க. ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

இலவசமாகப் போடுகிறான் என்றால் தப்பை ஒத்துக்கொண்டான் என்றுதானே அர்த்தம்? என் மரமண்டைக்கு அப்படித்தான் பட்டது. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கும் தெரியும். படிக்கவில்லை, கையெழுத்துப் போட்டேன்.

புதுப் பம்போடு வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. நேராகப் பேளுக்குறிச்சிக்கு விட்டேன். மனைவி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துபவள். தாளை அவள் கையில் கொடுத்து, "உங்கண்ணனுக்குக் கேக்கற மாதிரி தமிழ்ல படி" என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அவள் நிதானமாகப் படித்தாள். "பாட்டில்ல விக்கற கலப்படப் பெட்ரோல ஊத்துனதால பம்ப் கெட்டுப்போச்சு. அத ஓனரே ஒத்துக்கிட்டாரு. ரீகாலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கம்பெனி நல்ல மனசோட புதுசு போட்டுத் தருது." பிறகு, "கீழ உங்க கையெழுத்து" என்றாள்.

மச்சான் எட்டிக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டார். "எல்லாருந்தான் ஊத்தறாங்க! அதனாலதான் போச்சுன்னு எவன் கண்டான்?" என்று கத்தினேன். அதைச் சொல்லக்கூடிய பழைய பம்பையும் கம்பெனிக்காரர்களே வைத்துக்கொண்டார்கள். எதனால் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அம்மாவக் கூட்டிட்டு வந்தப்ப வண்டில எந்தப் பெட்ரோலுங்க இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்து வரவில்லை. "பாட்டில் பெட்ரோல்தான்" என்றேன்.

அவள் அழவில்லை. தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"வண்டி இப்ப நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுது."

"அப்ப அதுலயே போயிருங்க."