பொட்டு வைத்த வட்டுகள்

என் தலையில் அடித்து மாமா சத்தியம் செய்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாராவியில் தொண்ணூறடி ரோட்டில் அவர் வைத்திருந்த மொபைல் ரிப்பேர் கடை சீட்டாட்டத்தில் போய்விட்டிருந்தது. ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்து ரம்மி ஆடியவர், கடைசியில் அந்த ஷட்டரையும் சேர்த்து வைத்து ஆடிவிட்டார் என்று தெருவில் பேச்சு. பையும் கையுமாக வந்து நின்றவரை அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். என்னைப் பிடித்து முன்னால் தள்ளி, "பிள்ள தலையில அடிச்சுச் சொல்லு, இனிமே சீட்டத் தொடமாட்டேன்னு" என்றாள். மாமா சொன்னார். என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சத்தியத்தை மீறினால் தலை வெடித்துவிடும் என்று பள்ளியில் ஒருத்தி சொல்லியிருந்தபடியால், அதன்பிறகு மாமாவின் போக்குவரத்தில் எனக்குத் தனி அக்கறை ஏற்பட்டது.

கீழே அப்பாவின் மளிகைக் கடை, மேலே ஒரே அறை, அதற்குள் ஒரு பரண். இதுதான் எங்கள் வீடு. பரணை மாமாவுக்குக் கொடுத்தார்கள். பகலில் அவர் கடையில் உட்கார்ந்து பருப்பு நிறுத்தார். நிறுப்பதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை என்பது துவரம்பருப்புக்கே தெரிந்திருக்கும்.

ஒரு நாள் பெரிய பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். உள்ளே அழுக்கேறிய வட்டுகள். மாட்டுங்காவில் இருக்கும் ஒரு சேட், எப்போதோ மூடிய வெள்ளைக்காரர் கிளப்பின் சாமான்களை ஏலத்தில் எடுத்தாராம். சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக மேசையில் வைப்பதற்காகக் களிமண் கலந்து செய்த வட்டுகள் இவை; சிப்ஸ் என்று பெயராம். பல பேருடைய கைவியர்வை ஏறிக் கறுத்துக் கிடந்தன.

"நேந்திரங்கா சிப்ஸே ஓடல. மாப்ள மண்ணு சிப்ஸ் கொண்டாந்துருக்கான்" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. "சீட்டாடுத சாமானா?" என்று கேட்டாள்.

"எக்கா, இது பழம்பொருளுக்கா. சேட்டு கண்ணாடி அலமாரியில வைக்கப் போறாரு. நான் சுத்தம் பண்ணிக் குடுக்கேன், அம்புட்டுதான். வெளிநாட்டுல இது பெரிய தொழிலு தெரியுமா?"

"தொழிலா?"

"பின்னே? தொழில்தான்."

அம்மா மறுபடி அரிசி களையப் போய்விட்டாள்.

மாமாவுக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தந்தது யூடியூப். அமெரிக்காவில் எவரோ ஒருவர் தம் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு பொறுமையாக விளக்குவார். அவருடைய ஆங்கிலம் மாமாவுக்குப் பிடிபடவில்லை. நான் இங்கிலீஷ் மீடியம் என்பதால் மொழிபெயர்ப்பாளராக நியமிக்கப்பட்டேன். பாதிதான் புரிந்தது. மீதியை நானே சொல்லிச் சமாளித்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி சோப்பு, குழந்தைகளுடைய டூத் பிரஷ். தண்ணீரில் ஊறப்போடவே கூடாது. விளிம்பைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் முனை மழுங்கிவிடும். நடுவில் இருக்கும் பொன்னெழுத்தைத் தொடவே கூடாது. கழுவியதைத் துண்டில் பரப்பி நன்றாக உலரவிட்டு, கடைசியாக மினரல் ஆயிலை மெல்லத் துடைத்தால் பழைய நிறம் திரும்பிவிடும். மினரல் ஆயில் என்பது கடையில் விற்கும் பேபி ஆயில்தான் என்று அப்பா கண்டுபிடித்துச் சொன்னார்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. கறுப்பு கரைந்து ஓட, உள்ளிருந்து சிவப்பும் நீலமும் பாலாடை நிறமும் வெளியே வந்தன. கழுவிக் காய்ந்த வட்டுகளை மாமா யாரையும் தொடவிடவில்லை. "இப்ப இது தாகத்துல கெடக்கு. என்னத்தத் தடவுனாலும் குடிச்சிரும். எண்ணெய்க் கையோட வந்துராத" என்பார். சும்மா இருக்கும்போது இரண்டு அடுக்காக வைத்து, ஒரே கையால் அவற்றை ஒன்றுக்குள் ஒன்று புகுத்துவார். சரசரவென்று ஒரு சத்தம் வரும். அப்போது அவர் எதையும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். நான் கைதட்டுவேன். அம்மா மட்டும் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அவருடைய விரல்களையே பார்ப்பாள்.

நவராத்திரி நடந்துகொண்டிருந்த ஒரு நாள், மாமா மாடிப்படியில் நின்று போனில் இந்தியில் பேசினார். சேட்டின் வீட்டில் தீபாவளிக்கு முன்பே சீட்டுக் கச்சேரி தொடங்குகிறது. வட்டுகள் மேசைக்குத்தான் போகின்றன, அலமாரிக்கு அல்ல. மேசையைப் பார்த்துக்கொள்ளும் வேலை மாமாவுக்கு. ஆள் குறைந்தால் அவரும் ஒரு கை உட்காரலாம். எனக்குத் தமிழைவிட இந்தி நன்றாகப் புரியும். அம்மாவுக்கும் கடையில் நின்று நின்று இந்தி அத்துப்படி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

நான் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மாமாவிடம் போனேன். "சத்தியம்?" என்றேன்.

"சீட்டத் தொடமாட்டேன்னுதானட்டி சொன்னேன்? கையுறை போட்டுக்கிடுதேன். ஒன் தலைக்கு நான் பொறுப்பு" என்றார். அவர் பொறுப்பாக இருந்த கடை என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. ஊரில் எப்படியோ, தாராவியில் அன்றைக்கு லேத்து மெஷின், தையல் மெஷின், ஆட்டோ, கறிவெட்டும் கத்தி எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. அப்பா கடையைக் கழுவிவிட்டு, தராசை மேலே கொண்டுவந்து வைத்தார். என் பாடப்புத்தகங்கள், அம்மாவின் மிக்ஸி, அரிவாள்மணை, மாமாவின் பழைய ஸ்க்ரூடிரைவர் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மாமா அப்பாவோடு கீழே மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். அம்மா பரணிலிருந்து டின்னை இறக்கினாள். முந்தின நாள்தான் கடைசி வட்டையும் கழுவிக் காயவைத்திருந்தோம். இனி எண்ணெய் துடைக்க வேண்டியதுதான் பாக்கி.

அம்மா எப்போதும் சிக்கனக்காரி. சம்புடத்து மூடி முதல் தராசு வரை தலைக்கு ஒரு பொட்டு, அதற்குமேல் கிடையாது. குங்குமத்தையும் தண்ணீரில்தான் குழைப்பாள். அன்று வட்டுகளுக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தாள்.

"எதுக்கும்மா எண்ணெய்?"

"அப்பதாம்ட்டி நிக்கும்."

ஒவ்வொரு வட்டாக எடுத்து நடுவில், பொன்னெழுத்தின் மேலேயே அழுத்திப் பொட்டு வைத்தாள். பிறகு திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் வைத்தாள். வாழையிலையில் அழகாக அடுக்கினாள். தம்பியின் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மாமா மேலே வந்து பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடவில்லை. இலையை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாத. பூஜைக்கு வச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்" என்றாள் அம்மா.

"எக்கா, அது குடிச்சிரும்க்கா!"

"சாமி முன்னால வச்சுட்டு எடுப்பாகளா? பேசாம கும்பிடு."

அப்பா சூடம் காட்டினார். மாமா கைகூப்பி நின்றார். யாரும் அவ்வளவு உருக்கமாகச் சரஸ்வதியைக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

விஜயதசமி காலையில் நான் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் வாசிப்பதற்குள் மாமா வட்டுகளை வாளியில் கொட்டியிருந்தார். சோப்பு போட்டார். கறை அசையவில்லை. அமெரிக்காக்காரர் சொன்னதையெல்லாம் மறந்து பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்தார். பொன்னெழுத்து போனது, பொட்டு போகவில்லை. ஈரத்தோடு டின்னில் அள்ளிப்போட்டுக்கொண்டு மாட்டுங்காவுக்கு ஓடினார்.

மதியம் டின்னோடு திரும்பி வந்தார். சேட் ஒரு வட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். அப்புறம்தான் திட்டினாராம். பூஜை செய்த பொருளைக் குடிக்கிற மேசையில் எவன் வைப்பான், உன் வீட்டு சாமி அலமாரியிலேயே வைத்துக்கொள், இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"என்ன காரியம்க்கா பண்ணிட்ட?" என்று மாமா சத்தம் போட்டார். "யாராவது சூதாடுத சாமானுக்குப் பொட்டு வைப்பாகளா?"

"சூதாடுத சாமான்னு நீ சொல்லலையே தம்பி. தொழில்னுதான சொன்ன? தொழில் சாமான்னா பொட்டு வைக்கணும்லா" என்றாள் அம்மா, குரலை உயர்த்தாமல்.

மாமா பரணில் ஏறிப் படுத்துக்கொண்டார். தீபாவளிவரை அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் அந்தத் தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

எனக்கு மாமாவின் மேல் இரக்கம் வந்தது. அம்மாவின் மேல் அதைவிட அதிகம். ஒன்றும் தெரியாமல் பக்தியில் செய்துவிட்டு, இப்படிப் பேச்சு வாங்குகிறாளே என்று இருந்தது. அவள் அறை மூலையில் பாத்திரம் கழுவும் மோரியில் உட்கார்ந்து நகக்கண்ணில் ஏறியிருந்த சிவப்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளுக்குப் புரியும்படி நிதானமாக விளக்கினேன். அது களிமண்ணும்மா, காய்ந்திருக்கும்போது எதைத் தடவினாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அதிலும் எண்ணெயோடு சேர்ந்தால் போகவே போகாது என்றேன். அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டாள்.

"அப்படியாட்டி? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள்.

"பரவால்லம்மா, அடுத்த தடவ என்கிட்ட கேட்டுட்டுச் செய்" என்றேன்.

அம்மா சரியென்று தலையாட்டினாள். அவளுக்கே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்ற பெருமையில், அன்று முழுக்க நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.