நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

என் மேசையின் இடது மூலையில் மூன்றரை ஆண்டுகளாக ஒரு நாவல் இருக்கிறது. நடுவில் பிரித்தால் இடது பக்கம் 112, வலது பக்கம் 129. இரண்டு எண்களும் பக்கத்தின் அடியில், ஒரே பார்வையில் படும்படி அச்சாகியிருக்கின்றன. புத்தகங்களைப் பதினாறு பதினாறு பக்கங்களாக அச்சடித்து, மடித்துத் தைப்பார்கள். அப்படி ஒரு மடிப்பு, எட்டாவது மடிப்பு, இந்தப் பிரதியில் தைக்காமல் விட்டுப்போயிருக்கிறது. ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் பதினேழு ஆண்டுகள் பெட்டி பிரித்து எண்ணியவன் நான். ஐநூறு போல்ட் இருக்கவேண்டிய பெட்டியில் ஒன்று குறைந்தாலும் தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொள்வேன். பதினாறு பக்கம் குறைந்தது தெரியவில்லை.

நான் கதை எழுதுகிறவன். எழுதிக்கொண்டிருந்தவன் என்பதே சரி. இரண்டு தொகுப்புகள், இருபத்து மூன்று கதைகள். அதை நம்பி ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர், புதிய நாவல் ஒன்றுக்கு மதிப்புரை கேட்டார். ஒன்றே ஒன்று, அறுநூறு வார்த்தைக்குள், என்றார். இன்றுவரை நூற்று நாற்பத்து மூன்று எழுதிவிட்டேன். நாவல்கள் தொண்ணூற்றொன்று, கட்டுரைத் தொகுப்புகள் ஐம்பத்திரண்டு. அந்த முதல் மதிப்புரைக்குப் பிறகு நான் எழுதிய கதைகள் பூஜ்யம். மாதம் இரண்டு புத்தகம் கூரியரில் வரும். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு ஒருபுறம் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் காலிமனை, மறுபுறம் பிரதான சாலை. புழுதிக்குப் பயந்து இரண்டு ஜன்னல்களையும் ஆணி அடித்து மூடியாயிற்று. அந்த அறையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் புத்தகங்களைப் படிக்கிறேன். என் நாவல் ஒன்று எண்பத்து நான்கு பக்கத்தோடு நின்றுபோய், அந்தப் புத்தகக் குவியலின் அடியில் கிடக்கிறது. மேலே இருப்பது குறைந்தால் எடுக்கலாம். குறைந்ததே இல்லை.

என் முறை எளியது. பென்சிலோடு படிப்பேன். நாவல் என்றால் பாத்திரங்கள் எத்தனை முறை பெருமூச்சு விடுகிறார்கள் என்று ஓரத்தில் கோடு போடுவேன். கட்டுரை என்றால் முதல் பக்கத்தில் எத்தனை ‘நான்’ என்று பார்ப்பேன். ஏழுக்கு மேல் போனால் எனக்கு எரிச்சல் வரும். “உங்க மதிப்புரைல கணக்கு நல்லா இருக்கு சார், கொஞ்சம் மனசும் இருக்கட்டும்,” என்று ஆசிரியர் போனில் சொல்வார்.

அறுபத்தோராவதாக வந்தது அந்த நாவல். எழுதியவர், பென்னலூரில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் வார்டன். முதல் புத்தகம். கதை, விடுதியில் தங்கி லைனில் வேலை செய்யும் ஒரு தென்மாவட்டப் பெண்ணைப் பற்றியது. அதைச் சொல்பவள் அந்த விடுதியின் வார்டன். 112ஆம் பக்கத்தின் கடைசி வரியில் வார்டன் மேசையில் தொலைபேசி அடிக்கிறது. அந்தப் பெண்ணின் ஊரிலிருந்து யாரோ. 129இன் முதல் வரியில் அவள் பாயைச் சுருட்டி, டிரங்குப் பெட்டியைப் பூட்டுகிறாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போய்விடுகிறாள். நான் புத்தகத்தை மூடிவைத்தேன். பிறகு எழுதினேன்: “மணி அடித்ததற்கும் பாய் சுருட்டியதற்கும் இடையில் என்ன நடந்தது என்று ஆசிரியர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் இந்த நாவல் எழுந்து நிற்கிறது.” பத்திரிகை ஆசிரியர் உடனே கூப்பிட்டார். “இப்பதான் சார் மனசு வந்திருக்கு,” என்றார்.

இரண்டு மாதம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், வார்டன் கேக் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஒரு சாவிக்கொத்து. பதினோரு சாவிகள். பேசும்போது அதை மேசையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“சார், யாருமே ஒரு வரி எழுதல. நீங்க ஒருத்தர்தான். அதுவும் எவ்ளோ நாசுக்கா! அந்தப் பதினாறு பக்கம் இல்லாத மாதிரியே எழுதிட்டீங்க பாருங்க, மொதல்ல எனக்குப் புரியல. ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம்தான் ஒறைச்சது. அது வாணாம்னு மரியாதையா சொல்றீங்க, இல்ல?”

எந்தப் பதினாறு பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில் மிகச் சிறிய அசைவால் செய்தது அதுதான்.

“பொங்கலுக்குள்ள ரெண்டாம் பதிப்பு போடறாங்க. எடுத்துடச் சொல்லிடறேன் சார்,” என்று சொல்லி எழுந்தார்.

அவர் கேட்டைத் தாண்டியதும் புத்தகத்தைப் பிரித்தேன். 112. 129. என் மனைவி கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

“துணி காயப்போட்டா க்ளிப்ப எண்ற மனுஷன். இட்லி அவிச்சா எத்தினின்னு கேக்கற மனுஷன். இத மட்டும் எண்ணாம வுட்டுட்டியா? இன்னாத்துக்கு மண்டைய ஆட்டின?”

ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர் நேரத்தில் பென்னலூருக்குப் போனேன். மூன்று மாடிக் கட்டடம், மாடிக் கம்பிகளில் நீலச் சீருடைகள். ஒரு வரிசையில் நாற்பத்தைந்து எண்ணினேன். காற்றில் ஆடியதால் மேலே எண்ண முடியவில்லை. வாசலில் பதிவேடு. பெயர், யாரைப் பார்க்க, உறவு, காரணம் என்று நான்கு கட்டங்கள். மூன்றை நிரப்பிவிட்டு நான்காவதில் பேனாவோடு நின்றேன். மேசையருகே இருந்த பெண், தென்காசிப் பக்கம் போலிருக்கிறது, சிரித்தாள்.

“காரணம்னு போட்டிருக்குல்லா சார், என்னமாது எழுதுங்க. வெறுமன விட்டா அக்கா ஏசுவாங்க.” பிறகு என் பெயரைப் பார்த்தவள், “ஐயோ, நீங்கதானா? அக்கா புக்கப் பத்தி எழுதுனது?” என்று உள்ளே ஓடினாள்.

‘நூல் தொடர்பாக’ என்று எழுதினேன்.

வார்டனின் அறைச் சுவரில் என் மதிப்புரை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. மேலே மாதா படம், கீழே நான். அதற்குக் கீழே நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார். அது கதையல்ல, நடந்தது. அப்பாவுக்கு சீரியஸ் என்று போன் வந்ததும் அந்தப் பெண் ஊருக்குப் போக அவுட்பாஸ் கேட்டிருக்கிறாள். அந்த மாதத்தில் அதே காரணத்தோடு வந்தவர்களில் அவள் ஆறாவது ஆள். முதல் ஐந்தும் பொய். இவர் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் உண்மை தெரிந்து அனுப்பியபோது, ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

“அத எழுதத்தான் சார் புக்கே எழுதினேன். அவ அட்ரஸ் இல்ல, நம்பர் மாத்திட்டா. எங்கனா கடையில பாத்து வாங்கிப் படிச்சான்னா தெரிஞ்சிக்குவா, இந்தப் பொம்பள மறக்கலன்னு. ஆனா நீங்க சொன்னதும் சரிதான். சொல்லாம வுட்டாதான் அழகுன்னா, வுட்டுடுவோம். எனக்கும் எடுத்துட்டதுல ஒரு நிம்மதி சார். எல்லாருக்கும் முன்னாடி நிக்கத் தேவயில்ல பாருங்க.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பதிப்பகத்துக்கு ஒரு போன், அவ்வளவுதான். ஆனால் அந்த அறையில் அவர் என்னை நம்பி இளைப்பாறிக்கொண்டிருந்தார். நானோ நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அது நல்ல வாக்கியம் என்று எல்லோரும் சொல்லிவிட்ட பிறகு, புத்தகம் தைத்தவர் விட்ட பிழை அது என்று என்னால் சொல்ல முடியவில்லை. டீ குடித்தேன். வந்துவிட்டேன். பொங்கலுக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. முதல் பதிப்பு 208 பக்கம், இது 192. பின் அட்டையில் என் வாக்கியம்.

அதன் பிறகு வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் படிக்கும் முன் பக்கம் பக்கமாக எண்ணுகிறேன். இடையில் படித்து முடித்திருந்தவற்றையும் சேர்த்து எண்பத்திரண்டு புத்தகங்கள். ஒன்றில்கூடக் குறையில்லை. அந்தப் பதினாறு பக்கங்களை மட்டும் தேடவில்லை. படிக்காதவரை அவை என்னவாகவும் இருக்கலாம் அல்லவா?

போன மாதம் வார்டன் கூப்பிட்டார். ஓய்வுபெற்று இப்போது குன்றத்தூரில் தங்கையோடு இருக்கிறார். “சார், மூணாம் பதிப்பு வருது. முன்னுரை நீங்கதான். இந்த மாசக் கடைசிக்குள்ள வோணும்.” இந்த முறை தலையை ஆட்டினால் போதாது, இது போன். “சரிம்மா,” என்று வாயால் சொன்னேன்.

குன்றத்தூர் நூலகத்தில் முதல் பதிப்பின் பிரதி ஒன்று இருந்தது. நூலகரிடம் சொல்லி எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்து, கோயிலுக்குப் போகிறவர்களின் செருப்பு வரிசைக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து படித்தேன். பென்சில் தானாகக் கோடு போட்டது. ‘அழுதாள்’ பதினொரு முறை. ‘என் பாவம்’ ஒன்பது முறை. ஒரே விஷயம் மூன்று விதமாகத் திரும்பத் திரும்ப. மதிப்புரைக்காரனாகச் சொன்னால், அந்த நாவலின் மிக மோசமான பதினாறு பக்கங்கள் அவை. கையில் இருந்திருந்தால் நானே எழுதியிருப்பேன், இவற்றை நீக்கலாம் என்று. இது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். 127ஆம் பக்கத்தில் ஒரு வரி: “என் கையில் பேனா இருந்தது. மூடியைக்கூடக் கழற்றியிருந்தேன்.” அதற்குப் பக்கத்தில் போடுவதற்கு என்னிடம் எந்தக் கோடும் இல்லை.

முன்னுரை எழுத உட்கார்ந்தேன், வந்தது இதுதான். அறுநூறைத் தாண்டிவிட்டது. நாளை குன்றத்தூருக்கு நேரில் போய் அவர் கையில் கொடுத்து, நான் இருக்கும்போதே படிக்கச் சொல்வேன். அந்தப் பக்கங்களைச் சேர்ப்பதா, என் பெயரைப் பின் அட்டையிலிருந்து எடுப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அழகைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். என் மனைவி ஜெராக்ஸ் தாள்களின் ஓரத்தைப் புத்தக அளவுக்கு வெட்டிக் கொடுத்தாள். அவற்றை 112க்கும் 129க்கும் நடுவில் செருகினேன். இப்போது புத்தகம் சரியாக மூடுவதில்லை. மேசையில் வைத்தால் அந்த இடத்திலேயே தானாகத் திறந்துகொள்கிறது. பைக்குள் வைக்கும் முன் ஒருமுறை எண்ணினேன். பதினாறு. மனைவியைக் கூப்பிட்டு அவளையும் எண்ணச் சொன்னேன்.